இரண்டு வாசல் உள்ள வீடு

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? மழைக்காலத்தில் "உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதினாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே காணோம். தேறிவிட்டாயா என்று எழுது.

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். அம்மா உன்னைப் பார்க்கச் சம்மதித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அவளைப் பாக்கணும்னா எங்க வச்சுப் பாக்கறது?" நாலு வருஷமாக நீ இந்த வீட்டில் பெயர் இல்லாத ஆள். என் கையில் இருந்த தலையணை உறை நழுவிக் கீழே விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நிபந்தனைகளை அடுக்கிவிட்டாள். "என் வீட்டுக்கு அவ வர வேணாம். முதல் கல்யாணத்தை முறிச்சுக்கிட்டு வந்தவன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னேன், சொன்னது சொன்னதுதான். பொதுவா ஒரு இடம் பாரு. ஏப்ரல்ல நாலஞ்சு நாள் இருந்துட்டு வரலாம்."

உன் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் அந்த ஏரிக்கரை ஊர் இருக்கிறதே, அங்கே விடுமுறைக்கு வீடு வாடகைக்கு விடுகிறார்களாம். இணையத்தில் பார்த்துப் பதிவு செய்யலாம் என்கிறார்கள். அந்த வேலை உனக்குத்தான் வரும். ஆனால் வீட்டுக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டுமாம். "அவன் வர்ற வழியா நான் போக மாட்டேன்." முப்பது வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் அல்லவா? பிள்ளைகளுக்கு ஒரு கேட், வேலைக்காரர்களுக்கு ஒரு கேட் என்று பழகிப்போனவளுக்கு ஒரே வாசல் உள்ள கட்டடம் என்றால் ஒழுங்கில்லாத கட்டடம்.

சிரிக்காதே. இதில் ஒரு சின்னக் கோணல் வந்தாலும் போதும், "நான் அப்பவே சொன்னேன்" என்று பையைப் பிரித்து எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிடுவாள். இன்னொரு தடவை அவள் வாயிலிருந்து இந்தக் கேள்வி வராது.

பதிலை வழக்கம்போல நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடை முகவரிக்கே போடு. போன் வேண்டாம், செய்தியும் வேண்டாம். என் போன் பாதி நேரம் அம்மா கையில்தான் இருக்கிறது.

உன்,
அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன், அப்புறம் எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நாங்கள் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

பல் ஆஸ்பத்திரியில் இன்று டாக்டர் இரண்டு தடவை திட்டினார். எச்சில் உறிஞ்சும் குழாயை நோயாளியின் வாயில் வைக்காமல் கன்னத்தில் வைத்திருந்தேனாம். வைத்திருப்பேன். மனசு ஏரிக்கரையில் இருந்தது.

அவரிடம் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன், எதற்கும் பதற மாட்டார். மறுநாளே போய் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். ஏப்ரல் மாதத்துக்கு இப்போதே எதற்கு என்றால், "வளர்ந்தா மறுபடி வெட்டிக்கலாம்" என்கிறார். இரண்டு வாசல் கதையைக் கேட்டுச் சிரித்தார். "அவங்க ரெண்டு வாசலையும் வச்சுக்கட்டும். நான் ஜன்னல் வழியா இறங்கிக்கிறேன். லிஃப்டுக்குள்ள மேல்மூடி வழியா இறங்கிப் பழகினவன்தானே."

வீடு தேடுவதற்குள் கண் பூத்துவிட்டது. விடுமுறை சமயம், முக்கால்வாசி வீடுகள் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சமிருப்பவை எல்லாம் ஒரே வாசல், அல்லது நம் கைக்கு எட்டாத வாடகை. நேற்றுத்தான் ஒன்று கிடைத்தது. வெள்ளை வீடு, தனி வீடு, ஒரு தளம்தான், முன்னால் புல்தரை, அதற்கப்பால் ஏரி. மற்ற வீடுகளின் வாடகையில் பாதிதான். வீட்டுக்குச் சொந்தக்காரி வயதான ஒரு அம்மாள். "எங்கள் அம்மாவுக்கு இரண்டாவது வாசல் இருந்தால்தான் சரிப்படும்" என்று எழுதிக் கேட்டேன். அன்று சாயங்காலமே பக்கவாட்டு வாசலைப் படம் எடுத்துப் போட்டுவிட்டாள், பூந்தொட்டிகளோடு. எவ்வளவு நல்ல மனுஷி பார். நான் அவளுக்கு வீட்டம்மா என்றே பெயர் வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் வீடு கிடைத்துவிட்டது என்று சொல்.

உன்,
வாலு

*

பிப்ரவரி 24

அன்புள்ள வாலுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டேன், மழைக்கால உடம்பைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீடு கிடைத்தது என்று அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பரணிலிருந்து அந்தப் பழுப்புப் பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் பயணத்துக்கு அதற்குள் பை.

இப்போது நான் சொல்வதைக் கேள். போன வாரம் கடைக்கு ஒரு கணவன் மனைவி வந்தார்கள், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். போன வருஷம் இணையத்தில் வீடு பிடித்து, முழு வாடகையும் அனுப்பி, பெட்டியோடு போய் இறங்கினார்களாம். அந்த வீட்டில் வேறொரு குடும்பம் வருஷக்கணக்காகக் குடியிருக்கிறதாம். வீட்டின் படத்தை யாரோ எடுத்துப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த அம்மாள் சொல்லும்போதே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று காரியம். பணத்தை அந்த இணையத்தளத்தின் வழியாக மட்டும் கட்டு. "நேராக என் வங்கிக் கணக்குக்கு அனுப்பு" என்று யார் சொன்னாலும் கேட்காதே. அந்த வீட்டம்மாவை வீடியோவில் கூப்பிடச் சொல், போனைக் கையில் பிடித்து வீட்டைச் சுற்றிக் காட்டட்டும். ஏற்கெனவே தங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், எப்போது எழுதியிருக்கிறார்கள் என்று பார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற சுபாவம் உனக்கு. சின்ன வயசில் ஐஸ் வண்டிக்காரர் "நாளைக்குச் சும்மா தர்றேன்" என்றதை நம்பி ஒரு வாரம் வாசலில் நின்றவள் நீ.

வீட்டின் படங்களையும் அச்செடுத்து எனக்கு அனுப்பு.

உன்,
அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அது நீதான். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருடைய கஷ்டத்தையும் கண்ணாடியோடு சேர்த்துத் துடைத்து வைக்கிறாய்.

வீட்டம்மாவை நீ தெரிந்துகொண்டால் இப்படி எழுத மாட்டாய். தினமும் மத்தியானம் எழுதுகிறாள். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "மகளே, சாப்பிட்டாயா?" ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள், கருவிகள் கொதிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒருநாள் சாப்பிடவில்லை என்று எழுதினேன். "முதலில் போய்ச் சாப்பிடு, வீட்டு விஷயம் எங்கே போய்விடும்" என்று பதில் போட்டாள். ஏமாற்றுகிறவள் அப்படி எழுதுவாளா, சொல்.

வீடியோ கேட்டேன். கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம், வெளிச்சம் பட்டால் நீர் கொட்டுகிறதாம். தேறியதும் கூப்பிடுகிறேன் என்றாள். வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை. நீயே கண்ணாடிக் கடையில் இருக்கிறாய், உனக்குத் தெரியாதா?

ஒன்று மட்டும். தளத்துக்காரர்கள் தரகுப் பணம் நிறையப் பிடிக்கிறார்களாம். நேராகக் கட்டினால் இன்னும் குறைத்துக்கொள்கிறேன் என்கிறாள். வேறொரு குடும்பமும் அதே நாட்களைக் கேட்கிறதாம், சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்கிறாள். அந்த நாட்கள் போய்விட்டால் இரண்டு வாசலுக்கு நான் எங்கே போவேன்? யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்,
வாலு

*

மார்ச் 9

வாலு,

சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை. யோசிக்காதே. பணத்தை அனுப்பாதே.

படங்களைக் கடையில் எல்லோரும் பார்த்தோம். லென்ஸ் தேய்க்கிற பையன் அவற்றை இணையத்தில் போட்டுத் தேடினான். அதே கூடம், அதே சாப்பாட்டு மேஜை, மேஜைமேல் அதே பழக்கூடை. ஆனால் அது வேறெங்கோ கடலோர ஊரில் இருக்கும் ஒரு வீடாம். ஜன்னலில் தெரிகிற உன் ஏரி உண்மையில் கடல். நீ கேட்ட பிறகு வந்ததே அந்தப் பக்கவாட்டு வாசல், அதன் சுவர் மஞ்சள். வீடு வெள்ளை. யார் வீட்டு வாசலோ. தங்கியவர்கள் எழுதிய பாராட்டு ஐந்து இருக்கிறது, ஐந்தும் ஒரே வாரத்தில், ஒரே மாதிரிச் சொற்களில்.

இதற்குப் பிறகும் உன் மனசு ஒப்பாது என்று எனக்குத் தெரியும். நீயே சோதித்துப் பார். நீ கேட்ட எதற்காவது அவள் "இல்லை" என்று சொல்லியிருக்கிறாளா? வீட்டுக்கு மாடி கிடையாது, படத்திலேயே தெரிகிறது. "அம்மாவுக்கு முட்டிவலி, மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா" என்று கேள். மாடியே இல்லையே என்று சொன்னால் அவள் வீட்டுக்காரி. இருக்கிறது என்றால் அவள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

அம்மா புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள். நேற்று சாப்பிடும்போது, "இன்னும் நகத்தைக் கடிக்கிறாளா?" என்று கேட்டாள். யாரை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு.

மாடிப்படிக் கைப்பிடியைக் கேட்டேன். "எங்கள் வீட்டுக்கு மாடியே இல்லையே மகளே" என்று சிரித்தாள். ஆகவே கவலையை விடு. படம் ஒரே மாதிரி இருப்பது தற்செயலாக இருக்கலாம், மேஜை விற்கிற கடை ஊருக்கு ஊர் இருக்கிறது.

பணம் கட்டியாகிவிட்டது. ஏப்ரல் 21 காலை பஸ்ஸுக்கு வாருங்கள்.

நகம் கடிப்பதை விட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

வாலு

*

மார்ச் 29

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்ததும் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். லென்ஸ் பையன் முகம் தொங்கிப்போயிற்று, தன் தேடல் பொய்யாகிவிட்டதே என்று. எனக்கும் தலையிலிருந்து பாரம் இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் பாரம் திரும்பி ஏறிக்கொண்டது. உன் கடிதம் எப்போதும் இரண்டு தாள் இருக்கும், ஓரத்தில் கிறுக்கல் இருக்கும். இது அரைத்தாள். உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. வீட்டம்மா இப்போதும் சாப்பிட்டாயா என்று கேட்கிறாளா, இல்லையா? பணம் தளத்தின் வழியாகத்தானே போயிற்று? ரசீது வந்ததா? ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுது போதும்.

பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிட்டோம். அம்மா பையை அடுக்கி முடித்துவிட்டாள். தினமும் சாயங்காலம் பிரித்து, மறுபடி அடுக்குகிறாள். கேட்டால் "மடிப்பு கலையுது" என்கிறாள்.

உன்,
அக்கா

*

ஏப்ரல் 11

வாலு,

பதிலே இல்லை. தபால் தொலைந்ததா, நீ தொலைந்தாயா? கடை வாசலில் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். நேற்று ஒருவருக்கு இடது கண்ணுக்குரிய எண்ணை வலது கண்ணுக்கு எழுதிவிட்டேன்.

ஏதாவது கெட்டிருந்தால் என்னிடம் மட்டும் சொல். அம்மாவை நான் சமாளிக்கிறேன். எப்படி என்று கேட்காதே.

அக்கா

*

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ் கிளம்பும்போது அம்மா ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதிலிருந்து எனக்கு வேறு எதுவும் கண்ணில் நிற்கவில்லை.

நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதுகிறேன். "யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றே பணத்தை அனுப்பிவிட்டேன், நேராக அவள் கொடுத்த கணக்குக்கு. உன் எச்சரிக்கை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கைப்பிடியைக் கேட்டது உண்மை. வந்த பதில் இது: "இருக்கிறது மகளே, இரண்டு பக்கமும் இருக்கிறது. அம்மாவைப் பத்திரமாக ஏற்றிவிடு." அதைக் கருவி கொதிக்கிற மிஷின் பக்கத்தில் நின்று படித்தேன். அதற்கு மறுநாளும் சாப்பிட்டாயா என்று கேட்டு வந்தது. சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன், அக்கா. திருட்டு என்று தெரிந்த பிறகும் பதில் போட்டேன்.

தளத்துக்காரர்களிடம் முறையிட்டேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களால் ஆவது ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். வேறு வீடு தேடினேன், ஒன்றும் இல்லை. உன்னிடம் சொன்னால் நீ சமாளித்திருப்பாய். ஆனால் அம்மாவின் மூக்கு உனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்தே பையைப் பிரித்திருப்பாள். அவளை அந்தப் பஸ்ஸில் ஏற்றினால் போதும், மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நீங்கள் வருவதற்கு முந்தின நாளே நாங்கள் ஏரிக்கரைக்குப் போய்விட்டோம். அவள் கொடுத்த முகவரியில் தண்ணீர் லாரிகள் நிற்கிற கொட்டகை இருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருத்தெருவாக ஒவ்வொரு கதவாகத் தட்டி, "ரெண்டு வாசல் உள்ள வீடு வாடகைக்குக் கிடைக்குமா" என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லோரும் பைத்தியம் என்று பார்த்தார்கள். ஒரு லாட்ஜில் ஓர் அறைதான் கிடைத்தது. அதற்குக் கதவே சரியாகச் சாத்தவில்லை.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கி, நாலு வருஷத்துக்குப் பிறகு அம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "வீடு எங்க?"

"வீடு இல்லம்மா."

நான் அப்பவே சொன்னேன் என்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "பஸ் ஸ்டாண்டுல நின்னு அழாத. பையை எடு. போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்றாள். நீயும் அவரும் உள்ளே புகார் எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே பெஞ்சில் நாங்கள் பேசியது உனக்குத் தெரியாது.

"எதைப் பாத்து நம்புன?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்கம்மா. தினமும் கேட்டாங்க."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "உடம்புக்கு என்ன? இப்படி இளைச்சிருக்க" என்றாள்.

நீ இரண்டு கடிதத்தில் கேட்டும் நான் சொல்லாததை அவளிடம் சொன்னேன். மழைக்காலத்தில் எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை, அக்கா. ஐந்தாம் மாதம். நிற்கவில்லை. பெண் குழந்தை என்றார்கள்.

"யாருக்குத் தெரியும்?"

"அவருக்கு. அப்புறம் அவங்களுக்கு."

"எவங்களுக்கு?"

"வீட்டம்மாவுக்கு. எழுதினேன்."

அம்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். நீங்கள் வெளியே வந்ததும், "அடுத்த பஸ் எத்தனை மணிக்கு" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

உன்னிடம் மறைத்ததற்கு என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. வழியில் அவள் ஏதாவது சொன்னாளா? பையைப் பிரித்துவிட்டாளா? அதை மட்டும் எழுது.

உன்,
வாலு

*

மே 6

அன்புள்ள வாலுக்கு,

சுகமா என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. இரண்டு தடவை கேட்டுவிட்டு, நீ பதில் சொல்லாததை மறதி என்று கணக்கு வைத்துக்கொண்டவள் நான். உன் கடிதத்தைக் கடையின் பின்னறையில் படித்தேன். கண் சோதிக்கிற விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் மேல் கோபம் இருக்கிறது. அது மெதுவாக வரட்டும், இப்போது வேறு நிறைய இருக்கிறது.

வழியில் அம்மா பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிற மனுஷி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம் நாள், "அந்தக் களவாணி எழுதினதெல்லாம் உன்கிட்ட இருக்குல்ல, குடு" என்றாள். ஸ்டேஷனில் புகாருக்காக நீ என் போனுக்கு அனுப்பியவற்றை அச்செடுத்து, படிக்க மனசில்லாமல் வைத்திருந்தேன், கொடுத்தேன். கடையிலிருந்து நான் கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்து முழுக்கப் படித்தாள். நீ எழுதியதையும் படித்தாள். நான் அடுப்படியிலேயே நின்றேன், பக்கத்தில் போகத் தைரியம் இல்லை. படித்து முடித்துவிட்டு, "உன் கடை விலாசத்துக்கு மாசாமாசம் வர்றது அவ கடுதாசிதானே? எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?" என்றாள். வார்டன் வார்டன்தான்.

நீ கேட்டதற்குப் பதில். பையை அவள் இன்னும் பிரிக்கவில்லை. வாசற்கதவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கலாமா என்று கேட்டேன், முறைத்தாள். இது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குப் புரியவில்லை. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குகிறேன்.

இன்று காலை என்னிடம் வெள்ளைத் தாள் கேட்டாள். கோடு போட்டது வேண்டுமாம். எதற்கு என்று சொல்லவில்லை. எதற்கும் மனசைத் திடப்படுத்திக்கொள்.

உன்,
அக்கா

*

மே 15

வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். மகளே என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்தத் திருடன் அதையே எழுதி எழுதி அழுக்காக்கி வைத்திருக்கிறான், எனக்குக் கை கூசுகிறது. அது பெண்ணோ ஆணோ, யார் கண்டது? போலீஸ்காரர் ஆணாகத்தான் இருக்கும் என்றார்.

உன்னைத் திட்ட வேண்டியதை முதலில் திட்டிவிடுகிறேன். அக்கா அவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியும் பணத்தை நேராக அனுப்பியது மடத்தனம். வெள்ளை வீட்டுக்கு மஞ்சள் வாசல் இருக்குமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. மாடியில்லாத வீட்டுக்கு மாடிப்படி வந்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் மேல் உனக்குள்ள பயம் திருடன் மேல் உள்ள பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. இது என் தவறு. திட்டு முடிந்தது.

விடுதியில் முப்பது வருஷம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு ஒவ்வொரு அறையாகப் போய் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ. அதற்குச் சம்பளம் வாங்கினேன். பெற்ற பெண்ணை நாலு வருஷம் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்டதை ஒருவன் கேட்டு, அதற்கு உன்னிடம் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனைச் சபிக்கத்தான் அந்தத் தாள்களை வாங்கிப் படித்தேன். குழந்தை போனதைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில், அவன் "அழாதே, அம்மா இருக்கிறேன்" என்று பதில் போட்டிருக்கிறான். அதற்குமேல் சபிக்க வாய் வரவில்லை. அந்த வரியை நான் அல்லவா எழுதியிருக்க வேண்டும்.

பேத்திக்குப் பெயர் ஏதாவது நினைத்து வைத்திருந்தாயா? நேரில் சொல்.

பை கட்டியபடியே இருக்கிறது. இந்த மாதம் 27ஆம் தேதி காலை பஸ்ஸில் உன் ஊருக்கு வருகிறேன். அக்காவும் வருகிறாள். வீட்டின் படம் எதுவும் அனுப்ப வேண்டாம், படம் பார்த்தது போதும். உன் வீட்டுக்கு எத்தனை வாசல் என்று அக்காவைக் கேட்டேன், தெரியாது என்கிறாள். ஒன்றுதான் என்றால் அதுவே போதும். தெருத்தெருவாகக் கதவைத் தட்டி இரண்டு வாசல் தேடினாராமே மாப்பிள்ளை, அவரை முன்னால் போகச் சொல். நான் பின்னால் வருகிறேன்.

முன்பணம் கேட்க மாட்டேன்.

பதிலைக் கண்ணாடிக் கடைக்குப் போடாதே, வீட்டு விலாசத்துக்கே போடு. சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய் என்று முதல் வரியில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

அம்மா